சி-ஆர்ம் பக்கத்தில் எங்கே நிற்பது? முதுகெலும்பு தியேட்டருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நான் பி.ஜி. சேர்ந்த முதல் மாதம். இடுப்புப் பகுதி முள்ளெலும்புகள் இரண்டை இணைக்கும் ஒரு எல்4-எல்5 ஃபியூஷன் கேஸில் மூன்றாவது ஆளாக ஸ்க்ரப் ஆகி நின்றிருந்தேன். ரிட்ராக்டரைப் பிடிப்பது மட்டும்தான் என் வேலை. லேட்டரல், அதாவது பக்கவாட்டுப் படம் எடுக்க, சி-ஆர்மை (அறுவையின் நடுவிலேயே எக்ஸ்ரே காட்டும் 'C' வடிவ மெஷின்) படுக்கவாட்டில் திருப்பினார்கள். திரையில் முள்ளெலும்புகள் வரிசையாகத் தெரிந்ததும், ஆர்வத்தில் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தேன். மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த டெக்னீஷியன் அண்ணன் வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "டாக்டர், டியூப் உங்க பக்கம் இருக்கு. சுத்தி அந்தப் பக்கம் போயிடுங்க."

டியூப் என்றால் எந்த முனை என்றே எனக்கு அப்போது தெரியாது. எம்.பி.பி.எஸ். முடித்து, நுழைவுத் தேர்வில் கதிரியக்கம் பற்றிய கேள்விகளுக்குச் சரியாகப் பதில் எழுதிவிட்டு வந்தவன்தான். இந்தக் கட்டுரை அப்படி வந்து நிற்பவர்களுக்கு: ஆர்த்தோ, நியூரோ பி.ஜி.க்கள், புதிதாகச் சேர்ந்த தியேட்டர் சிஸ்டர்கள், டெக்னீஷியன் படிப்பு மாணவர்கள் எல்லோருக்கும்.

முதலில், விளக்கு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சி-ஆர்முக்கு இரண்டு முனைகள். ஒன்றில் எக்ஸ்ரே டியூப் இருக்கும். சிறிய பெட்டி போலத் தெரியும். மறுமுனையில் பெரிய டிரம் போல இருப்பது இமேஜ் இன்டென்சிஃபையர். புது மெஷின்களில் அந்த இடத்தில் தட்டையான பேனல் இருக்கும். (நம் ஊர் தியேட்டர்கள் பலவற்றில் மெஷின் மொத்தத்தையுமே 'ஐஐடிவி' என்றுதான் கூப்பிடுவார்கள். "ஐஐடிவியைக் கொண்டு வாங்க" என்றால் இதுதான்.) கதிர் டியூபிலிருந்து கிளம்பி, நோயாளியின் உடலைக் கடந்து, டிரம்மில் போய் விழுகிறது.

அந்த நேர்க்கதிரில் நீங்கள் நிற்பதில்லை. உங்கள் மேல் படுவது வேறு. உடலுக்குள் நுழையும் கதிரில் மிகச் சிறு பங்குதான் மறுபக்கம் வந்து படமாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி உள்ளேயே உறிஞ்சப்படுகிறது; ஒரு பகுதி திசுக்களில் மோதி எல்லாத் திசையிலும் தெறிக்கிறது. இதைத்தான் ஸ்கேட்டர் என்கிறோம். அதாவது உங்களைப் பொறுத்தவரை விளக்கு அந்த மெஷின் இல்லை, மேஜை மேல் படுத்திருப்பவர்தான். விளக்கின் எந்தப் பக்கம் அதிகப் பிரகாசம்? கதிர் நுழைகிற பக்கம், அதாவது டியூப் இருக்கும் பக்கம். ஏனென்றால் உடலுக்குள் போய் வலுவிழப்பதற்கு முன்னால் கதிர் மோதுவது அங்கேதான். கீழே சொல்லப்போகிற பாதி விஷயம் இந்த ஒன்றிலிருந்தே வருகிறது.

இன்னொன்று. மெஷினை இயக்கும் பெடலிலிருந்து கால் எடுத்த கணமே எல்லாம் நின்றுவிடும். தியேட்டர் காற்றிலோ சுவரிலோ நாம் போடும் ஈய ஏப்ரனிலோ கதிர் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. கேஸ் முடிந்ததும் ஏப்ரனைத் தொடப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷூட் செய்யும்போது, அதாவது படம் எடுக்கும்போது, மேஜையை ஒட்டி நின்றவர்களும் அவர்களேதான்.

முதுகெலும்பில் மட்டும் ஏன் இவ்வளவு கவலை?

மணிக்கட்டு முறிவுக்கு கே-வயர் என்ற மெல்லிய கம்பி போடும்போது கதிர் கடக்க வேண்டிய தடிமன் கொஞ்சம்தான். இடுப்புப் பகுதி முதுகெலும்புக்கு லேட்டரல் எடுக்கும்போது உடம்பின் முழு அகலத்தையும் கடக்க வேண்டும். எல்5-எஸ்1 என்றால் இடுப்பெலும்பும் குறுக்கே வரும். படம் மங்கினால் மெஷின் தானாகவே கதிரின் வலுவை ஏற்றிக்கொள்ளும்; ஆட்டோ பிரைட்னெஸ் செய்கிற வேலை அது. நோயாளி பருமனாக இருந்தால் இன்னும் ஏற்றும். அந்த அளவுக்கு ஸ்கேட்டரும் கூடும். இதற்கு நடுவில் சர்ஜனின் கை ஊசியைப் பிடித்தபடி அரை அடி தூரத்தில் இருக்கும்.

2000-இல் 'ஸ்பைன்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. சடலங்களில் சி-ஆர்ம் பார்த்துப் பெடிக்கிள் ஸ்க்ரூ (முள்ளெலும்பின் பின்பக்கத் தூண் வழியாக இறக்கும் திருகு) போட்டு அளந்திருந்தார்கள். மற்ற எலும்பு அறுவைகளோடு ஒப்பிட்டால் சர்ஜனுக்குக் கிடைக்கும் கதிர் 10 முதல் 12 மடங்கு வரை அதிகம் என்று வந்தது. அதன்பின் மெஷின்கள் நிறைய மாறிவிட்டன. ஆனால் உடம்பின் தடிமன் மாறவில்லை.

எவ்வளவு வரை சரி? இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏ.இ.ஆர்.பி., கதிர்ப் பணியாளருக்கு வைத்திருக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட் (உடலில் சேரும் கதிரை அளக்கும் அலகு); எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: மண், காற்று, வானம் என்று இயற்கையிலிருந்தே உலகச் சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட் கிடைக்கிறது. ஒழுங்காக ஏப்ரன் போட்டு வேலை செய்பவர்களின் பேட்ஜ் அறிக்கை பெரும்பாலும் வரம்புக்கு வெகு கீழே இருக்கும். அதனால் அலற வேண்டியதில்லை.

ஆனால் அந்த எண் ஏப்ரனுக்கு உள்ளே இருக்கும் நெஞ்சின் எண். கண்ணும் கையும் ஏப்ரனுக்கு வெளியே இருக்கின்றன. கண் லென்ஸுக்கான வரம்பை ஐ.சி.ஆர்.பி. என்கிற சர்வதேச ஆணையம் 2011-இல் ஆண்டுக்கு 150-இலிருந்து ஒரேயடியாக 20 மில்லி சீவர்ட்டுக்கு இறக்கியது. முன்பு நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே கண்புரை வருகிறது என்று தெரிந்ததுதான் காரணம். கைக்கான வரம்பு 500.

கேஸுக்கு முந்தின நாள்: பேட்ஜ்

உங்கள் மேல் படும் கதிரைப் பதிவு செய்யும் டி.எல்.டி. பேட்ஜ் இல்லாமல் சி-ஆர்ம் கேஸுக்குள் போகாதீர்கள். சேர்ந்த வாரமே கதிர்ப் பாதுகாப்பு அதிகாரியைத் தேடிப்பிடித்து உங்கள் பெயரில் ஒன்று வாங்கிவிடுங்கள். "அடுத்த காலாண்டில் வரும்" என்பார்கள். விடாமல் கேளுங்கள். ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சு உயரத்தில், முன்பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி அணிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவெடுக்க அனுப்புவார்கள்.

ஒரு காலாண்டு என் அறிக்கை வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறி வந்தது. விசாரித்தார்கள். நான் பேட்ஜை ஏப்ரனிலேயே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த ஏப்ரனை வேறு யார் யாரோ போட்டிருக்கிறார்கள், சில நாள் அது சி-ஆர்ம் பக்கத்திலேயே ஸ்டாண்டில் தொங்கியிருக்கிறது. யாருடைய கதிரோ என் பெயரில் ஏறிவிட்டது. இதற்கு நேர்மாறான தவறுதான் அதிகம்: பேட்ஜ் லாக்கரில் பத்திரமாகத் தூங்கும், அறிக்கையில் பூஜ்யம் வரும், எல்லோருக்கும் சந்தோஷம்.

ஏப்ரனைத் தேர்ந்தெடுப்பது

தியேட்டர் வாசலில் ஏழெட்டு ஏப்ரன் தொங்கும். கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள். லேபிளில் ஈய அளவு போட்டிருக்கும்: 0.25, 0.35 அல்லது 0.5 மி.மீ. சி-ஆர்முக்குப் பக்கத்தில் நிற்கப்போகிற உங்களுக்கு 0.5 நல்லது; ஸ்கேட்டரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதில் நின்றுவிடும். கனமாகத்தான் இருக்கும், ஐந்தாறு கிலோ. பாவாடை, மேலாடை என்று இரண்டு துண்டாக வருவதை எடுத்தால் பாரம் தோளிலிருந்து இடுப்புக்குப் பிரியும். முதுகெலும்பு டாக்டருக்கே முதுகுவலி என்ற கேலிக்கு ஆளாகாமல் இருக்கலாம்.

முன்பக்கம் மட்டும் மூடுகிற ஏப்ரனில் ஒரு வினை இருக்கிறது. ஷூட் செய்கிற நேரத்தில் கருவி வாங்கத் திரும்பினாலோ, பின்னால் இருக்கும் மானிட்டரைப் பார்க்கத் திரும்பினாலோ, உங்கள் வெறும் முதுகு விளக்கைப் பார்த்து நிற்கும். சுற்றி மூடுகிற ஏப்ரன் இல்லையென்றால் திரும்பாமல் நிற்கப் பழகுங்கள்.

அக்குளைப் பாருங்கள். கை நுழைகிற ஓட்டை பெரிதாக இருந்தால் கையைத் தூக்கும்போதெல்லாம் மார்பின் மேல்-வெளிப்பகுதி திறந்து கிடக்கும். பெண் மருத்துவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் பெண் எலும்பு அறுவை மருத்துவர்களிடம் எடுத்த கணக்கில் மார்பகப் புற்றுநோய் பொது மக்களைவிட அதிகமாகத் தென்பட்டது. காரணம் கதிர்தான் என்று அந்தக் கணக்கு நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் ஓட்டை ஓட்டைதான். உடம்புக்குப் பொருந்துகிற அளவைக் கேட்டு வாங்குங்கள், கிடைத்தால் தோளை மூடும் துண்டும் சேர்த்து.

தைராய்டு காலர் இறுக்கமாக, கழுத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். மாலை மாதிரி தொங்கினால் பயனில்லை. ஈயக் கண்ணாடி பக்கவாட்டு மறைப்போடு இருப்பதாகப் பாருங்கள். திரையைப் பார்க்கும்போது முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், கதிர் கன்னத்துப் பக்கமிருந்துதான் கண்ணுக்குப் போகும்.

கழற்றியதும் மடித்து நாற்காலியில் வீசாதீர்கள். மடிப்பில் ஈயம் விரிசல் விடும், வெளித்துணியில் ஒன்றும் தெரியாது. ஹேங்கரில் தொங்கவிடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஏப்ரனையும் சி-ஆர்மில் வைத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் ஒருமுறை பார்த்தபோது, எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு எடுக்கும் லேசான ஏப்ரன் ஒன்றில் இடுப்புக்குக் குறுக்கே சாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு தெரிந்தது. மறுநாள் அதை எடுக்க ஆளில்லை.

டிரேப் போடுவதற்கு முன்னால் பத்து நிமிஷம்

கதிரைக் குறைக்கிற வேலையில் பெரும்பகுதி கத்தி வைப்பதற்கு முன்பே முடிந்துவிடும். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்ததும் சி-ஆர்மை உள்ளே கொண்டுவந்து பாருங்கள். மேஜையின் கம்பி எதுவும் குறுக்கே வருகிறதா? ஏபி-யில், அதாவது முன்-பின் திசைப் படத்தில், ஸ்பைனஸ் ப்ராசஸ் (முள்ளெலும்பின் நடு முள்) இரண்டு பெடிக்கிளுக்கும் சரிநடுவில் இருக்கிறதா? முள்ளெலும்பின் மேல்-கீழ்ப் பரப்பான எண்ட் பிளேட் இரட்டைக் கோடாக இல்லாமல் ஒற்றைக் கோடாகத் தெரிகிறதா? அந்த நிலையில் சக்கரம் நிற்கும் இடத்தில் தரையில் பிளாஸ்டர் ஒட்டுங்கள். சாய்வுக் கோணத்தை போர்டில் எழுதுங்கள். லேட்டரலுக்கும் அப்படியே. நடுவில் சி-ஆர்மை வெளியே தள்ளிவிட்டு மறுபடி கொண்டுவரும்போது, "கொஞ்சம் முன்னாடி, இல்ல பின்னாடி, ஒரு ஷூட் போடுங்க பாப்போம்" என்று தேடுகிற ஷாட்கள்தான் வீண் ஷாட்கள். பிளாஸ்டர் அதை மிச்சப்படுத்தும்.

டிரம் நோயாளியின் முதுகுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது, டியூப் எவ்வளவு தள்ளியோ அவ்வளவு நல்லது. ஏபி-க்கு எப்போதும் டியூப் மேஜைக்கு அடியில் இருக்கட்டும். அப்போது ஸ்கேட்டரில் அதிகப் பங்கு கீழே, கால் பக்கம் போகும். டியூபை மேலே வைத்தால் அது நேராக முகத்துக்கும் கண்ணுக்கும் வரும். மானிட்டரை உங்களுக்கு எதிரே வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் டெக்னீஷியனோடு ஒரு நிமிஷம் பேசுங்கள். கதிர் விட்டுவிட்டு வரும் பல்ஸ் மோடில் போடச் சொல்லுங்கள். கதிர் விழும் பரப்பைக் கட்டுப்படுத்தும் கொலிமேட்டரை வேண்டிய இரண்டு முள்ளெலும்பு அளவுக்குக் குறுக்கச் சொல்லுங்கள். ஸ்கேட்டரும் குறையும், படமும் தெளியும். பெரிதாக்கிக் காட்டும் மேக்னிஃபிகேஷனைத் தேவையில்லாமல் கேட்காதீர்கள், அதற்குக் கதிர் கூடும். கடைசிப் படம் திரையில் அப்படியே நிற்கும், அதைப் பார்த்து யோசியுங்கள். யோசிப்பதற்காகக் கதிரை ஓடவிட வேண்டாம்.

வார்த்தையிலும் ஒரு ஏற்பாடு வேண்டும். "மேலே" என்று நீங்கள் சொன்னால் தலைப்பக்கம் நகர்த்துவதா, சி-ஆர்மை உயர்த்துவதா? இந்தக் குழப்பத்தில் போகிற ஷாட்களுக்குக் கணக்கே இல்லை. நாங்கள் தலைப்பக்கம், கால்பக்கம், ஏத்து, இறக்கு என்று நான்கு வார்த்தைகளோடு நிறுத்திக்கொண்டோம். 'ஷூட்' என்றால் ஒரே ஒரு படம். தொடர்ந்து ஓட வேண்டுமானால் 'லைவ்' என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

ஷூட் சொல்கிற நேரம்

தூரத்தின் கணக்கு தாராளமானது. அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு விலகினால் கதிர் கால்வாசியாகும். இரண்டு மீட்டர் என்றால் பதினாறில் ஒன்று. ஸ்க்ரப் ஆகியிருந்தாலும், ஸ்டெரைல் எல்லையைத் தாண்டாமலே ஓரடி, இரண்டடி பின்வாங்க முடியும். கையில் ரிட்ராக்டர் இல்லையென்றால் பின்வாங்குங்கள். படம் விழுந்ததும் வாருங்கள்.

லேட்டரலில் டிரம் இருக்கும் பக்கம் நில்லுங்கள். டியூப் பக்கத்தில்தான் நிற்க வேண்டிய கட்டாயம் வந்தால் இன்னும் தள்ளிப் போங்கள். ஷூட் என்று சொல்வதற்கு முன்னால் தலைமாட்டில் அனஸ்தீஷியா டாக்டர் மருந்து போடக் குனிந்திருக்கிறாரா, சிஸ்டர் ஏப்ரன் இல்லாமல் கவுண்ட் எடுக்க வந்திருக்கிறாரா என்று ஒரு பார்வை பாருங்கள். புதிதாக வந்தவர் எப்படிச் சொல்வது என்று கூச்சப்படாதீர்கள். "மேடம், ஷூட் போடப்போறோம்" என்றால் போதும்.

கை, ஊசி, இரண்டு சென்டிமீட்டர் கோடு

தோல் வழியாக ஸ்க்ரூ போடும் கேஸ்களில்தான் கை மாட்டிக்கொள்ளும். எலும்புக்குள் இறக்கும் ஜாம்ஷிடி ஊசியைக் கையால் பிடித்துக்கொண்டே ஷூட் சொல்கிற பழக்கம் ஒருமுறை வந்தால் போகாது. நாங்கள் செய்கிற முறை இது.

திரையில் பெடிக்கிள் முட்டை வடிவ வளையமாகத் தெரியும். ஊசி முனை அந்த வளையத்தின் வெளி ஓரத்தில் எலும்பைத் தொட வேண்டும். இடது பெடிக்கிள் என்றால் கடிகாரத்தில் ஒன்பது மணி, வலது என்றால் மூன்று மணி. ஊசியை நீண்ட கோக்கர் இடுக்கியால் பிடித்து ஒரு ஏபி. இடம் சரியா? சரி. இப்போது தோல் மட்டத்திலிருந்து 2 செ.மீ. மேலே ஊசித் தண்டில் ஸ்டெரைல் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். படமே எடுக்காமல், கோடு தோலைத் தொடும் வரை சுத்தியலால் தட்டி இறக்குங்கள். கையை எடுங்கள், பின்வாங்குங்கள், இன்னொரு ஏபி. முனை வளையத்தின் உள் ஓரத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. தாண்டியிருந்தால் தண்டுவடக் குழாய் பக்கம் போகிறீர்கள், நிறுத்திவிட்டு சீனியரைக் கூப்பிடுங்கள். தாண்டவில்லை என்றால் அடுத்த பெடிக்கிளுக்குப் போங்கள். நான்கு ஊசியும் இறங்கியபின் சி-ஆர்மை ஒரே ஒருமுறை லேட்டரலுக்குத் திருப்பி, நான்கு முனையும் முள்ளெலும்பின் பின்சுவரைக் கடந்துவிட்டனவா என்று சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஷாட் எடுப்பவர் முதல் பெடிக்கிளிலேயே செலவழிக்கிற படத்தில் இந்த முறையில் நான்கையும் முடித்துவிடலாம்.

இதற்கும் முன்னால், முந்தின நாளே சி.டி.யில் பெடிக்கிளின் அகலம், கோணம், ஸ்க்ரூ நீளம் எல்லாம் அளந்து எழுதிக்கொண்டு வந்திருக்க வேண்டும். சி-ஆர்ம் அளவெடுக்கிற கருவி இல்லை.

ஈயக் கையுறை போட்டால் போதாதா என்று எல்லா பேட்சிலும் ஒருவர் கேட்பார். கதிருக்கு வெளியே கை இருக்கும்வரை ஓரளவு உதவும். நேர்க்கதிருக்குள் கையுறை நுழைந்தால் மெஷின் அதைத் தடிமனான உடம்பு என்று நினைத்து வலுவை ஏற்றிவிடும். நோயாளிக்கும் கூடுகிறது, உங்களுக்கும் கூடுகிறது. எக்ஸ்ரே வந்த புதிதில் டியூபின் வலுவைச் சோதிக்கத் தங்கள் கையையே நீட்டிப் பார்த்தவர்கள் விரல்களையும் உயிரையும் இழந்தார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் அவர்களுக்காக 1936-இல் ஒரு நினைவுத்தூண் வைத்தார்கள். திறந்தபோதே அதில் 169 பெயர்கள்.

முள்ளெலும்புக்குள் சிமெண்ட் செலுத்தும் வெர்டிப்ரோபிளாஸ்டி, கைஃபோபிளாஸ்டி கேஸ்களில் மேலே சொன்ன சிக்கனம் முழுதாக நடக்காது. சிமெண்ட் பின்பக்கம் கசிகிறதா என்று பார்க்க லைவ் ஓடவிட்டே ஆக வேண்டும். நீளக் குழாய் வைத்த இன்ஜெக்டரைக் கேளுங்கள், டிரம் பக்கம் நின்று தள்ளுங்கள். சிமெண்ட் கெட்டியாகக் காத்திருக்கும் நேரத்தில் பெடலிலிருந்து காலை எடுக்கச் சொல்லுங்கள்.

நோயாளியைச் சுற்றி ஸ்கேன் எடுக்கும் ஓ-ஆர்ம், அந்தப் படத்தை வைத்து ஸ்க்ரூவுக்கு வழிகாட்டும் நேவிகேஷன் இருக்கும் இடம் என்றால் ஸ்கேன் சுற்றும் அரை நிமிஷம் எல்லோரும் வெளியே போய்விடலாம், சர்ஜனுக்குக் கதிர் வெகுவாகக் குறையும். ஆனால் படுத்திருப்பவர் வெளியே போக முடியாது. அவருக்கு அது ஒரு சி.டி. எடுத்த கணக்கு. "நமக்கு ஒண்ணும் இல்லையே" என்று இரண்டாவது, மூன்றாவது ஸ்கேனுக்கு அவசரப்பட வேண்டாம்.

கர்ப்பம் என்றால்

தெரிந்தவுடன் துறைத்தலைவருக்கும் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரிக்கும் எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல் ரோஸ்டரில் ஏறாது. அறிவித்த பிறகு மீதமுள்ள காலம் முழுவதும் குழந்தைக்கு 1 மில்லி சீவர்ட்டுக்கு மேல் சேரக் கூடாது என்பது ஐ.சி.ஆர்.பி. பரிந்துரை. சி-ஆர்ம் இல்லாத கேஸ்களுக்கு மாற்றிக்கொள்ளக் கேட்பது சலுகை இல்லை. "நாங்களெல்லாம் அந்தக் காலத்தில் பார்த்தோமே" என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும்.

கேஸ் முடிந்ததும்

சி-ஆர்மை அணைக்கும் முன் திரையின் ஓரத்தில் மொத்த ஓட்ட நேரம் இருக்கும், புது மெஷின்களில் டோஸும் இருக்கும். அதை ஆபரேஷன் நோட்ஸில் எழுதுங்கள். உங்கள் சொந்த டைரியிலும் எத்தனை லெவல், எத்தனை ஸ்க்ரூ, எவ்வளவு நேரம் என்று ஒரு வரி எழுதுங்கள். கதிர் ஓட்டம் ஐந்து நிமிஷம் ஆனால் மெஷின் மணி அடிக்கும்; அடித்ததும் ரீசெட் பட்டனை அழுத்திவிட்டு மறந்துவிடுகிற டெக்னீஷியன்கள் உண்டு, அதனால் மணி அடித்த எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலாண்டு டி.எல்.டி. அறிக்கை வரும்போது கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாமல் டைரியோடு வைத்துப் பாருங்கள். இருபது ஸ்பைன் கேஸ் பார்த்த காலாண்டுக்கும், வெளியூர் போஸ்டிங்கில் இருந்த காலாண்டுக்கும் ஒரே எண் வந்தால், உங்கள் பேட்ஜ் எந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது என்று போய்ப் பாருங்கள்.